என் நெஞ்சைப் பார்த்த சில்லு

என் மருமகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் தடுமாறுவதில்லை. எங்கள் ஊர் மந்தின் சந்தையில் கேட்டாலும் சரி, கோயிலில் கேட்டாலும் சரி, நேராகச் சொல்லிவிடுவேன். ஒரு உலோகத்தைப் பனிக்கட்டியெல்லாம் சூடு என்று தோன்றும் அளவுக்குக் குளிர வைத்தால், அதில் மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். அந்த உலோகத்தில், சிப் என்கிறார்களே, அந்தச் சில்லு செய்து, நெஞ்சு துடிப்பதை ஆளைத் தொடாமலே பார்க்கிறாள். இவ்வளவுதான். கேட்டவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள். மீன் விலையைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்து எழுந்தவள். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினேன். மரத்தை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினேன். மருமகளின் ஆட்கள் சிலோன் பக்கம். அவள் தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். என் அப்பா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பெயர் கொடுக்கும் இடத்தில், அவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பெயர் எழுதும் இடம். கல்யாணத்தின்போது அவள் பெரியம்மா ஒருத்தி என் காது கேட்கவே, "படிச்ச பிள்ளையைக் கொண்டுபோய் எங்க குடுக்கினம் பாருங்கோ" என்றாள். நான் அவளுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னேன். வாய் இனிக்கட்டும் என்று.

வந்தவள் வேறு மாதிரி. என்னை "மாமி" என்று கூப்பிட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் கணினியை வைத்துப் படம் வரைவாள். மறுபக்கம் நான் கீரை ஆய்வேன். கேட்டால் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் கேட்டார், "அது என்னாம்மா, சூப்பர் கண்டக்டர்னு சொல்றியே? முன்ன பகாவ் பஸ்ல ஒருத்தன் இருந்தான். நம்ம தோட்டத்துப் பொம்பளைங்க ஏறுனா காசே வாங்கமாட்டான். அவன்தான் சூப்பர் கண்டக்டர்."

அவள் சிரித்துச் சிரித்துக் கண் கலங்கிவிட்டாள். "அதேதான் மாமா! இந்த உலோகமும் மின்சாரத்திட்ட காசு வாங்காது. ஏறினது ஏறினபடி சுத்திக்கொண்டே இருக்கும்."

அன்றிலிருந்து அவருக்கும் அந்த வேலை புரிந்துவிட்டது என்று நினைப்பு.

அவள் வரைந்த படத்தை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். இரண்டு வளையம், ஒன்றை ஒன்று எதிர்த்துக்கொண்டு, எட்டு என்ற எண்ணைப் போல் பின்னியிருக்கும். ஏன் ஒன்று போதாதா என்றேன். நெஞ்சில் ஓடும் மின்சாரத்தால் துளியூண்டு காந்தம் வருமாம். அதைப் பிடிக்கப் போனால் தூரத்தில் போகும் லாரியின் காந்தம் வந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுமாம். இரண்டு வளையம் இருந்தால், தூரத்து லாரி இரண்டையும் ஒரே அளவாக இழுக்கும். இழுப்பு எதிரும் புதிருமாக நின்று கழிந்துபோகும். கிட்டத்தில் இருக்கும் நெஞ்சு மட்டும் ஒரு வளையத்தைக் கூடுதலாக இழுக்கும்.

"தோள்ல கம்பு வச்சு ரெண்டு பக்கமும் பால் வாளி தொங்கவிட்டுப் போவோம்," என்றேன். "ரெண்டும் சரியா இருந்தா பாரமே தெரியாது. ஒன்னுல ஒரு குவளை கூடிப்போனா தோளு சொல்லிடும்."

"அந்தத் தோள்தான் மாமி என்ட சில்லு," என்றாள்.

வரைவது ஒரு பங்கு என்றால் செய்வது ஒன்பது பங்கு. அவள் வேலை செய்யும் கல்லூரியில் தூசி புகாத அறை ஒன்று உண்டு. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகலாம். பவுடர் கூடாது, பூ கூடாது, திருநீறு கூடாது. காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் வழவழப்பான தட்டை வைத்து நையோபியம் என்ற உலோகத்தை மெல்லிசாகப் படிய வைப்பார்கள். அதன்மேல் பாலில் ஆடை படிவதுபோல் ஒரு தோல் படிய வேண்டும். அதற்காகப் பெட்டிக்குள் கொஞ்சமே கொஞ்சம் பிராணவாயு விடுவார்கள். அந்தத் தோலின்மேல் மறுபடி உலோகம். தோல் தடித்துப்போனால் மின்சாரம் தாண்டாது. மெலிந்துபோனால் கிழிந்து இரண்டு உலோகமும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் படத்தை ஒளியால் பதித்து, வேண்டாத உலோகத்தை அரித்து எடுப்பது.

ஒரு தட்டு முழுக்கச் செய்து துண்டு போட்டால் பாதிக்கு மேல் செத்துப் பிறக்கும். செத்துப் பிறந்த நாளில் வீட்டுக்கு வந்து பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். ஒரு துண்டு மீனை எடுத்து அவள் தட்டில் வைப்பேன்.

போன வருஷம் அந்த வேலைக்கே முடிவு வந்துவிடும்போல் இருந்தது. பணம் கொடுக்கிற கவர்மெண்டு ஆட்கள் மூன்று பேர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு மனுஷ நெஞ்சு அந்தச் சில்லில் தெரிந்தால் வேலை தொடரும். தெரியாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் சிங்கப்பூரில் அவளுக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. மகனும் போவான், பேத்தியும் போவாள். என் வீட்டுக்காரர் இந்த மண்ணை விட்டு வரமாட்டார். அவரை விட்டு நான் போகமாட்டேன். இதை யாரும் வாய் விட்டுப் பேசவில்லை. பேத்தி மட்டும் ஒருநாள் பள்ளிப் பாவாடைக் கொக்கி அறுந்துபோய் என்னிடம் ஓடி வந்தாள். ஊக்குக் குத்திவிட்டேன். "அங்க போனா யாரு பாட்டி குத்திவுடுவா?" என்றாள்.

போகாதே என்று மருமகளிடம் நான் சொல்லவில்லை. கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. ஆனால் சில்லுக்குக் கீழே படுப்பதற்கு வயசான ஆள் ஒருவர் வேண்டும் என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். என் நெஞ்சு நடுவில் நடுவில் ஒரு துடிப்பை விட்டுவிடும். சிரம்பான் டாக்டர் சொல்லியிருக்கிறார். "வெளிய ஆள் தேடாத. நான் படுக்கிறேன்," என்றேன்.

"மாமி, சரிவராட்டி உங்களுக்கும்..."

"எனக்கு என்னா? படுக்கத்தானே சொல்ற. வெட்டவா சொல்ற?"

சில்லு செய்வது கல்லூரியில். நெஞ்சைப் பார்ப்பது அங்கே முடியாது. சுற்றிலும் இரும்பு, லிப்ட், கார். அதற்காகப் பகாவ் போகும் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் பழைய துரை பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முழுக்க மரத்தால் கட்டினது. சுவரில் கம்பி கிடையாது. பக்கத்தில் ரயிலும் கிடையாது, பெரிய மின்கம்பமும் கிடையாது. கட்டில்கூட ஆணி இல்லாமல் மர முளை அடித்துச் செய்திருந்தார்கள்.

அந்த பங்களா எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதிதில் அந்தத் தோட்டத்தில்தான் பால் வெட்டினேன். எங்கள் ஆள் யாரும் முன்படியில் ஏறியதில்லை. சம்பளத் தகராறு என்றாலும் பின்பக்கம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அன்றைக்குக் கார் நின்றதும் மருமகள் கை கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முன்படியில் நானே ஏறினேன். நிதானமாகத்தான் ஏறினேன்.

உள்ளே அவளோடு வேலை செய்யும் மலாய்க்காரப் பெண் இருந்தாள். அவளும் இன்ஜினியர். சிரித்த முகம். தலைத்துணியைத் தூடோங் என்பார்களே, அதை எப்போதும் ஊசி குத்தி அழகாகக் கட்டுகிறவள், அன்றைக்கு வெறும் முடிச்சுப் போட்டுச் செருகியிருந்தாள். இரும்பு கூடாது என்பதால் ஊசியையெல்லாம் காரிலேயே விட்டுவிட்டாளாம். "மாக்சிக், இன்னைக்கு நான் பார்க்கப் பூனை மாதிரி இருக்கேன்," என்று மலாயில் சொன்னாள். மாக்சிக் என்றால் அவர்கள் பேச்சில் பெரியம்மா மாதிரி.

எனக்கும் சோதனை நடந்தது. கொண்டை ஊசி போயிற்று. கண்ணாடி போயிற்று. ரவிக்கைக்குக் கொக்கி வேண்டாம் என்று மருமகளே நாடா வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். கால் மெட்டி வெள்ளி, அதனால் பாதகமில்லை. கடைசியாக என் கழுத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"அதைக் கழட்டமாட்டேன்," என்றேன்.

"கழட்டச் சொல்லேல்ல மாமி. பொன்னுக்குக் காந்தத்தோட சேர்க்கையில்லை. சங்கிலியோ, கயிறோ?"

"கயிறு."

"அப்ப ஒண்டும் இல்லை. உள்ளுக்க விடுங்கோ."

உள்ளே விட்டுக்கொண்டேன். பேச்சு அதோடு முடிந்தது.

கட்டிலுக்கு மேலே ஆளுயரக் குடுவை ஒன்று தொங்கியது. அதற்குள் ஹீலியம் என்ற வாயுவைக் குளிர வைத்துத் தண்ணீராக ஆக்கி ஊற்றியிருந்தார்கள். நீளமான கோலின் நுனியில் சில்லை வைத்து அதற்குள் இறக்கினார்கள். வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அந்தத் தண்ணீர் தானாகவே கொதித்துக் குறைந்துகொண்டிருக்கும். முந்தின குடுவை சில்லைச் சோதிப்பதிலேயே தீர்ந்துவிட்டது. இது ஒன்றுதான் மிச்சம். நல்ல சில்லும் அது ஒன்றுதான் மிச்சம்.

ஆள் படுக்காதபோது கணினித் திரையில் கோடு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. வெளியே செம்மண் பாதையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போயிற்று. கோடு அசையவில்லை. "பாத்தியளோ மாமி! இவ்வளவு பெரிய இரும்பு போகுது, என்ட பிள்ளை திரும்பியும் பாக்கேல்ல!" என்றாள். அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம் நான் பார்த்ததில்லை.

பிறகு நான் படுத்தேன்.

கோடு துள்ளியது. நெஞ்சு துடிக்கிற துள்ளல் இல்லை. பிடித்து வைத்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. நான் மூச்சு இழுத்தால் திரையின் உச்சிக்குப் போயிற்று, விட்டால் கீழே விழுந்தது. பிறகு திரையிலேயே இல்லை. எழுந்து தள்ளி நிற்கச் சொன்னார்கள். நின்ற பிறகும் கோடு பழையபடி அடங்கவில்லை, நடுங்கிக்கொண்டே இருந்தது.

"சில்லுக்குள்ள காந்தம் சிக்கிட்டுது," என்றாள் மருமகள். அதை வெளியேற்ற ஒரே வழிதான். கோலை மேலே தூக்கிச் சூடாக்கி, மறுபடி இறக்க வேண்டும். மறுபடி இறக்கினால் இருக்கிற ஹீலியம் பாதி ஆவியாகிவிடும். அந்த நேரம் பார்த்து அவள் கூட்டாளி வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தாள். வருகிறவர்கள் கோலாப்பிலா டவுனைத் தாண்டிக் கிட்டத்தில் வந்துவிட்டார்களாம்.

கோலைத் தூக்கிவிட்டு மருமகள் வந்து முன்படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தத் தோல் கிழிஞ்சு போயிருக்கும் மாமி. வேற சில்லும் இல்லை."

இந்த மாதிரி நேரத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். "ஒரு வாளிப் பாலு கொட்டிப்போச்சுன்னா அன்னைக்குச் சம்பளம் போச்சு. அதுக்காக மரம் செத்துடாது."

"மரத்தைத்தான் மாமி வெட்டப் போகினம்."

அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். எதிரே செம்பனை மரங்களுக்கு நடுவில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதற்கென்ன கவலை.

உள்ளே அந்த மலாய்ப் பெண் கோலை மெல்ல மெல்ல இறக்க ஆரம்பித்திருந்தாள். இரண்டு கையும் கோலில். தூடோங் முடிச்சு அவிழ்ந்து முன்னால் சரிந்தது. ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தால் கோல் இறங்கிவிடும், வாயைத் திறந்தால் துணி இறங்கிவிடும். வெளியாட்கள் வந்து நிற்கப் போகிற நேரத்தில் ஒரு பெண்பிள்ளை தலைத்துணி நழுவி நிற்பதா? எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனேன். போகும்போதே கை தானாக ரவிக்கைக்குள் போயிற்று. தாலிக்கயிற்றை வெளியே இழுத்து, அதில் தொங்கிய ஊக்கில் ஒன்றைக் கழற்றி நீட்டினேன்.

"இந்தாம்மா. இதைக் குத்திக்க."

அவள் ஊக்கைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். கயிற்றில் பெரிதும் சின்னதுமாக இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. துணியைக் கடித்த வாய் திறந்துகொண்டது.

"மாக்சிக்... இது இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்துச்சா?"

"பின்ன எங்க இருக்கும்?"

மருமகள் வாசலில் வந்து நின்றாள். என் கையையும் ஊக்கையும் பார்த்தாள்.

"மாமி! ஊக்கு!"

"ஊக்குதான். அதுக்கு ஏன் இப்படிக் கத்துற?"

"இரும்பு மாமி அது! உங்கட நெஞ்சுக்கு மேல கிடந்து மூச்சோட மூச்சா ஆடியிருக்கு. லாரிக்கு அசையாதது ஊக்குக்கு ஆடியிருக்கு! இரும்பு எல்லாம் கழட்டச் சொன்னனே!"

"நீ நகையைக் கேட்ட, கொண்டை ஊசியைக் கேட்ட, கொக்கியைக் கேட்ட. ஊக்கை யாரு கேட்டா? தாலியைப் பார்த்தவ அதையும் பார்த்திருக்கணும்லா."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். கை மெல்லத் தன் கழுத்துக்குப் போயிற்று. சட்டைக்குள்ளிருந்து தன் தாலிக்கொடியை இழுத்தாள். இத்தனை படிப்புப் படித்து, இரும்பு இரும்பு என்று ஊரையெல்லாம் சோதித்தவளின் கொடியிலும் ஊக்குத் தொங்கிற்று.

முதலில் சிரித்தது அந்த மலாய்ப் பெண்தான். கோலை விடாமல், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். "என் பின்னையெல்லாம் கழட்டி வாங்கினீங்க, டாக்டர்!" மருமகளும் சிரித்தாள். சிரிப்பு போகப் போக அழுகையாகிவிட்டது; அப்புறம் மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. முதலில் ஆகவேண்டியதைப் பார்த்தேன். எல்லா ஊக்கையும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, காரில் வைக்கச் சொன்னேன். ரவிக்கை நாடாவில் தொங்கிய மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்து, அந்தப் பெண்ணின் தூடோங்கை முகவாய்க்குக் கீழே கட்டிவிட்டேன். நாடாவில் ஏது இரும்பு.

கோல் இறங்கி முடிந்தது. கோடு குளமாகக் கிடந்தது. தோல் கிழிந்திருக்கவில்லை.

அவர்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேரில் பெரியவர் ஒரு சீனர், தலை முழுக்க நரை. கைக்கடிகாரம், பேனா, சாவி எல்லாவற்றையும் வாசலில் வாங்கிக்கொண்டார்கள். இடுப்பு வாரின் கொக்கியும் இரும்பு என்று அதையும் வாங்கிவிட்டார்கள். அவர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷரைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

படுத்தேன். என் காதுக்கு என் நெஞ்சு கேட்டது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் மருமகள் நின்றாள். அவள் மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. அந்த மலாய்ப் பெண் திரையை மெல்ல என் பக்கமும் திருப்பி வைத்தாள்.

சின்னதாக ஒரு மேடு. அப்புறம் கொஞ்சம் சமதரை. மறுபடி மேடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. என்மேல் ஒன்றும் படவில்லை, ஒட்டவில்லை. இத்தனை வருஷமாக மலையும் மேடும் ஏறிய நெஞ்சு இப்படித்தான் இருக்கும் என்று இதற்கு முன் எனக்கு யார் காட்டினார்கள்?

மேடு, மேடு, மேடு. பிறகு மேடு வர வேண்டிய இடத்தில் வெறும் தரை. பிறகு பெரிதாக ஒரு மேடு.

"இப்போ ஒன்று விட்டுப்போனதே?" என்றார் பெரியவர், மலாயில்.

"அது அப்பப்ப விடும்," என்றேன். "விட்டாலும் பிடிச்சுக்கும்."

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதன் பிறகு மருமகளிடம் ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டார். வளையத்தைப் பற்றி, தோலைப் பற்றி, இன்னொரு தட்டு செய்தால் எத்தனை பிழைக்கும் என்பதைப் பற்றி. அவள் தயங்காமல் சொன்னாள். சாகிறதையும் மறைக்காமல் சொன்னாள். வெளியே லாரி ஒன்று திரும்பிப் போயிற்று. என் மேடுகள் அப்படியே வந்துகொண்டிருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மெல்ல மேலே எழும்பித் திரையை விட்டுப் போய்விட்டது. குடுவை வற்றிவிட்டது.

அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அப்படித்தானாம், அங்கேயே சொல்லமாட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னோம். என் வீட்டுக்காரர் கேட்டார், "அப்ப உனக்கு நெஞ்சுன்னு ஒன்னு இருக்குதுன்னு இப்ப கவர்மெண்டுக்கே தெரிஞ்சிடுச்சு?"

"இருக்குது. அதுல நடுவுல நடுவுல ஒரு எடம் காலி. உங்களுக்குன்னு ஒதுக்குனது."

பேத்தி சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. அவன் கைப்பேசியில் சிங்கப்பூர் வீட்டு வாடகை பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் முன்னைப்போலவே சமைத்தேன், கோயிலுக்குப் போனேன். தாலிக்கயிற்றில் ஊக்கை மறுபடி மாட்டிக்கொண்டேன். சில்லைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. மருமகள் மேசையில் படம் எதுவும் வரையவில்லை. மேசையின் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். மருமகள் வேலையிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"மாமி."

"சொல்லு."

"பணம் தாறம் எண்டு எழுதிப்போட்டினம். சிங்கப்பூர் வேலையை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் கரண்டியை நிறுத்தவில்லை. திரும்பினால் என் முகத்தைப் பார்த்துவிடுவாள். அவள் முகத்தைப் பார்த்தால் நானும் தாங்கமாட்டேன்.

"அப்ப நாளைக்கு மீனு கூட வாங்கணும்," என்றேன்.

அவள் பையிலிருந்து கணினியை எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்தாள். இந்தத் தடவை வளையம் அதிகமாம், நெஞ்சை நாலு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் பார்க்கப் போகிறாளாம். மறுபடி நான்தான் படுக்க வேண்டும். படுப்பேன். ஊக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படுப்பேன். அவளுடையதையும் நானே கேட்டு வாங்கிவிடுவேன்.